கொலை செய்பவர்களின் வயது: இப்போது இளசுகள்தான் அதிகமா?

குடமுருட்டிக்காரன் (திருவையாறு பக்கம்):
டீக்கடையில் ஒரே வாக்குவாதம். "அந்தக் காலத்தில் நாற்பது வயது ஆள் கொலை செய்வான், இப்போது மீசை முளைக்காத பயல் அரிவாளைத் தூக்குகிறான்" என்று பெரியப்பா முறை உள்ள ஒருவர் அடித்துச் சொல்கிறார். எனக்கு நம்பிக்கை இல்லை, மறுக்கக் கணக்கும் இல்லை. வயதுவாரியாக யாராவது பார்த்திருக்கிறீர்களா?

சம்பா_பட்டம்:
முதலில் மொத்தக் கணக்கைச் சொல்லிவிடுங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின்படி 1992-ல் நாட்டில் லட்சம் பேருக்கு 4.6 கொலை, 2022-ல் 2.1. பாதிக்கும் கீழே. வயதுவாரியாகக் கைதானவர்கள் எண்ணிக்கையும் அதே அறிக்கையில் உண்டு. 18–30 வயதுக் கட்டம் பெருத்துத்தான் இருக்கும்.

பழைய ரைட்டர் (மன்னார்குடி):
தம்பி, கைது எண்ணிக்கையை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஸ்டேஷன் ரைட்டராக அந்தக் கட்டங்களை நிரப்பியவன் சொல்கிறேன். வரப்பை வெட்டிவிட்டான் என்று சண்டை. மண்வெட்டியை ஓங்கியவர் அறுபதைத் தாண்டியவர், அவர் ஏ1, அதாவது வழக்கில் முதல் எதிரி. பிடித்துக்கொண்ட மகன்கள் ஏ2, ஏ3. கூட ஓடி வந்த மச்சினன் ஏ4. அப்போதெல்லாம் இந்திய தண்டனைச் சட்டம் 302 (கொலை), கூடவே 34 (சேர்ந்து செய்தது). செத்தது ஒருத்தர், கைது நாலு பேர். அட்டவணையில் கிழவர் ஒரு கட்டத்தில் ஒண்டியாக நிற்பார், 18–30 கட்டத்தில் மூன்று பேர் ஏறிவிடுவார்கள். 2022-ல் பதிவான 28,522 கொலை வழக்குகளில் 9,962-க்குக் காரணம் தகராறு. அதில் குடும்பத்தோடு உள்ளே போனவர்கள் எத்தனையோ!

அப்புறம், எத்தனை பேர் என்பது வேறு, அந்த வயதில் லட்சத்துக்கு எத்தனை என்பது வேறு. நம் பக்கம் பாதிப் பையன்கள் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். கடைசியாகத் தலை எண்ணியது 2011-ல். எதை வைத்து வகுப்பீர்கள்?

குடந்தை_புள்ளியியல்:
ரைட்டர் ஐயா சொன்ன வகுத்தலை வருடாவருடம் செய்து பார்த்தவர்கள் அமெரிக்கர்கள். அங்கே 18–24 வயதுதான் எப்போதும் உச்சி. அது அசையவில்லை, அசைந்தது அதன் உயரம். 14–17 வயதினரில் கொலை செய்தவர்களின் விகிதம் 1980களின் நடுவிலிருந்து 1993-க்குள் மூன்று மடங்குக்கு மேல் ஏறி, லட்சத்துக்கு 30-ஐத் தொட்டது. அதே வருடங்களில் 35-ஐத் தாண்டியவர்களின் விகிதம் பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது! கிராக் கோகெய்ன் என்ற போதைப்பொருள் வியாபாரத்தில் பையன்களை இறக்கினார்கள், அவர்கள் கையில் துப்பாக்கி வந்தது என்பது குற்றவியல் ஆய்வாளர் ஆல்ஃப்ரெட் புளூம்ஸ்டைன் சொன்ன காரணம்.

உங்கள் பெரியப்பா மாதிரி அங்கேயும் ஒரு பேராசிரியர் இருந்தார், ஜான் டிலூலியோ. ஈவிரக்கமற்ற பையன்கள் கூட்டம் ஒன்று வரப்போகிறது என்று 1995-ல் எழுதினார். எழுதும்போதே விகிதம் இறங்க ஆரம்பித்தாயிற்று. 2000 வாக்கில் பழைய அளவுக்கே வந்துவிட்டது.

குடமுருட்டிக்காரன்:
சரி, அப்படியானால் நம் ஊர் அட்டவணையில் 18-க்குக் கீழ் உள்ளதை மட்டும் 1990களிலிருந்து வரிசையாகப் போட்டால்?

பழைய ரைட்டர் (மன்னார்குடி):
அதைத்தான் செய்யக்கூடாது. 1986 சிறார் நீதிச் சட்டத்தில் ஆண் பிள்ளைக்கு 16 வரைதான் சிறுவன். 2000 சட்டம் அதை 18 ஆக்கியது, 2001-ல் நடைமுறைக்கு வந்தது. 17 வயதுப் பையன் அதற்கு முன்னால் பெரியவர் கணக்கில் இருந்தான், பிறகு சிறுவர் கணக்குக்கு வந்துவிட்டான். ஒரு கொலைகூடக் கூடாமலே கட்டம் வீங்கும். 2001-க்கு முன்னால் உள்ளதைத் தனியாக வையுங்கள், பின்னால் உள்ளதைத் தனியாக வையுங்கள். 30-க்கு மேல் உள்ள கட்டங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, உங்கள் பெரியப்பாவிடம் பேச அதை எடுத்துப் போங்கள்.