செய்தி பார்த்தாலே பயமாக இருக்கிறது, விசுவாசத்தை எப்படிக் காத்துக்கொள்வது?

குமரிக்காரன்: 2023-இல் மணிப்பூரில் ஆலயங்கள் எரிந்ததைப் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை. சபையில் கேட்டால் "ஜெபியுங்கள் தம்பி, அரசியல் வேண்டாம்" என்கிறார்கள். ஜெபிக்கிறேன், பயம் போகவில்லை.

மலைச்சாரல்: தம்பி, ஜெபத்தையும் அரசியலையும் அப்படிப் பிரிக்க முடியாது. கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த கிழக்கு ஜெர்மனியில் லைப்சிக் நகரத்து நிக்கோலாய் ஆலயத்தில் 1982 முதல் திங்கள்தோறும் சமாதானத்துக்காக ஜெபித்தார்கள், சில வாரம் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆட்கள். 1989 அக்டோபர் 9 அன்று ஜெபம் முடிந்து வெளியே வந்தால் ஆட்சியில் மாற்றம் கேட்டு சுமார் 70,000 பேர், எதிரே ஆயுதத்தோடு போலீஸ், ஆனால் ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. மெழுகுவர்த்தி அணையாமல் இருக்க இரண்டு கையும் வேண்டும், அப்புறம் கல்லெடுக்கக் கை ஏது என்பார் அங்கே பாஸ்டராக இருந்த கிறிஸ்டியான் ஃபியூரர்.

பழையஏற்பாடு: நல்ல கதைதான். ஆனால் எப்போதும் அப்படி முடியாதே. ஹிட்லரை எதிர்த்த ஜெர்மன் பாஸ்டர் போன்ஹோஃபர் 1939-இல் பாதுகாப்பாக நியூயார்க்கில் இருந்தவர், தன் ஜனங்களோடு இருக்கவேண்டும் என்று ஜெர்மனிக்கே திரும்பினார். 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிட்டார்கள், போர் முடிய ஒரு மாதம்தான் பாக்கி. அங்கே சபைகளில் பெரும்பாலானவை ஹிட்லரோடு ஒத்துப்போனதையும் மறக்கக் கூடாது. ஜெயிப்போம் என்பதால் வரும் தைரியம் வேறு, போன்ஹோஃபருடைய தைரியம் வேறு.

மலைச்சாரல்: ஒத்துக்கொள்கிறேன் அண்ணே.

குமரிக்காரன்: விரல்விட்டு எண்ணும் ஆட்கள் என்றதுதான் மனசில் நிற்கிறது. எங்கள் ஜெபக்குழுவில் ஆறு பேர் இருக்கிறோம். திங்கட்கிழமை கூப்பிட்டுப் பார்க்கிறேன்.