புதுப்பிப்பு: கசிந்த பந்து வால்வைக் (ball valve) கழற்றிய பணி

கரைப்பான் செல்லும் குழாயில் கசிந்துகொண்டிருந்த பந்து வால்வை (உள்ளே துளையிட்ட பந்து திரும்பி வழியைத் திறந்து மூடும் வால்வு), அழுத்தமானி பூஜ்யம் காட்டினால் உடனே கழற்றலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். கூடாது என்று சிலர் உறுதியாக எழுதியிருந்தீர்கள். அதை ஏற்றதால்தான் வேலை காயமின்றி முடிந்தது.

இருபுறமும் அடைத்துப் பூட்டிட்டு, எச்சரிக்கை அட்டை தொங்கவிட்டு, குழாயை வடித்த பின்னும், முழுவதும் மூடிய வால்வின் பந்துக்கும் உடலுக்கும் இடையிலுள்ள இடைவெளியில் திரவம் அழுத்தத்தோடு சிறைப்பட்டிருந்தது. குழாயில் பொருத்திய அழுத்தமானிக்கு அது தெரிவதில்லை. கைப்பிடியை மெதுவாகப் பாதி திறந்த நிலைக்குக் கொண்டுவந்தபோது, அந்த இடைவெளி குழாயோடு இணைந்து, வடிகால் வழியே கரைப்பான் மீண்டும் சற்று நேரம் ஒழுகியது. முழுவதும் திறந்து வைத்தாலும் போதாது. பாதி நிலையே அந்த வழியைத் திறக்கிறது. இதை நான் அறிந்திருக்கவில்லை என்பது இப்போதும் என்னை உறுத்துகிறது.

பிறகு ஃபிளாஞ்சின் (வால்வையும் குழாயையும் போல்ட்டுகளால் இணைக்கும் விளிம்புத் தட்டு) நட்டுகளை முற்றாகக் கழற்றாமல், என்னிடமிருந்து விலகிய மறுபுறத்தில் உள்ளவற்றை முதலில் சில சுற்றுகள் மட்டும் தளர்த்தி, இணைப்பை மெல்ல நெகிழ்த்தினேன். எஞ்சியது வெளியேறினாலும் முகத்தை நோக்கி வராது, போல்ட்டுகளும் பிடியை விடாது. முகக்கவசமும் கரைப்பானைத் தாங்கும் கையுறையும் அணிந்திருந்தேன்.

ஸ்பிரிங் பொருத்திய ஆக்சுவேட்டரை (காற்றழுத்தத்தால் வால்வைத் திருப்பும் கருவி) பற்றிக் கேட்டவருக்கு: காற்றைத் துண்டித்ததும் ஸ்பிரிங் வால்வைத் தானே திருப்பிவிடும், ஆகவே வால்வின் துவாரத்தில் விரலை வைக்காதீர்கள், அழுத்தப்பட்ட ஸ்பிரிங் உள்ள உறையை, தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள முறையின்றித் திறக்கவும் வேண்டாம்.

பந்தில் கீறல் இல்லை. பந்து அமர்ந்து கசிவைத் தடுக்கும் வளையங்கள் (seat) இரண்டும் தேய்ந்திருந்ததால் மாற்றியிருக்கிறேன்.