கூரைத் தளத்தில் கம்பி தெரிகிறது: அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். கடலூர் தேவனாம்பட்டினத்தில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. அப்பா 1994இல் கட்டியது. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்த இரவில் அக்கம்பக்கத்தார் எங்கள் வீட்டில்தான் ஒண்டியிருந்தார்கள். அந்த வீட்டின் கூரைத் தளம்தான் இப்போது உதிர்கிறது.

செவ்வாய்க்கிழமை இரவு, அம்மாவின் கட்டிலுக்கு நேர் மேலே தாம்பாளம் அளவுக்குக் காரை பெயர்ந்து விழுந்தது. நல்லவேளையாக அம்மா அப்போது சமையலறையில் இருந்தார். நான்கு கம்பிகள் துருப்பிடித்துச் செதில் செதிலாக உரிகின்றன. ஒன்று பாதியாக இளைத்துவிட்டது. சுற்றிலும் சுத்தியலால் தட்டினால் பொள்ளலாக ஓசை கேட்கிறது.

பார்க்க வந்த கொத்தனார், மேலே சிமெண்டு பூசினால் போதும் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. உப்புக் காற்றில் துரு ஏறிய கம்பி ஊதிப் பருக்கும். துருவை எடுக்காமல் பூசினால் புதுப் பூச்சையும் அதுவே பிளந்து தள்ளும். கம்பியின் பின்புறம் வரை கொத்தி, கம்பித் தூரிகையால் தேய்த்து, துருத் தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த சிமெண்டுக் கலவையால் அடைக்க வேண்டும் என்பது என் புரிதல்.

கடலூர், புதுச்சேரிப் பக்கம் இந்த வேலையைச் செய்து பார்த்தவர்கள் யாரேனும் உண்டா? கொத்துவதற்கு முன் முட்டுக் கொடுத்தீர்களா? இளைத்த கம்பிக்குத் துணையாகப் புதுக்கம்பியை எப்படிச் சேர்த்தார்கள்? சதுர அடிக்கு எவ்வளவு ஆயிற்று? நேரில் வந்து பார்த்துச் சொல்லும் கட்டடப் பொறியாளர் இருந்தால் இன்னும் நல்லது.

ஐப்பசி மழைக்குள் முடித்தாக வேண்டும். அதுவரை அம்மா கூடத்தில் படுத்துக்கொள்கிறார். கூடத்தின் கூரைத் தளத்தையும் தட்டிப் பார்த்தேன், கெட்டியாகத்தான் கேட்கிறது.