புதுப்பிப்பு: மூன்று குறியெண்களுக்கு அடங்காத புள்ளிகள்

யூரியா மூலக்கூறுகள் அமைக்கும் நுண்குழாய்களுக்குள் நோனாடெக்கேன் (19 கார்பன் கொண்ட நீள்சங்கிலி ஹைட்ரோகார்பன்) அடைந்திருக்கும் படிகத்தின் எக்ஸ் கதிர்ப் படத்தில் சில புள்ளிகள் மூன்று குறியெண்களுக்கு (சாதாரணப் படிகத்தில் ஒவ்வொரு புள்ளியின் இடத்தையும் குறிக்கும் மூன்று முழு எண்கள்) அடங்கவில்லை, ஏன் என்று கேட்டிருந்தேன். இரண்டு படிகங்கள் ஒட்டி வளர்ந்த இரட்டைப் படிகம் என்று நான் நினைத்தது தவறு.

குழாயின் நெடுக்கில் யூரியா 11.02 ஆங்ஸ்ட்ராமுக்கு (ஓர் ஆங்ஸ்ட்ராம் மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) ஒருமுறை திரும்ப வருகிறது. உள்ளே நோனாடெக்கேன் சங்கிலி ஏறத்தாழ 26.4-க்கு ஒருமுறை. விகிதம் 0.418, எங்கேயும் ஒத்துப்போகாது. சங்கிலிக்கென நான்காவது குறியெண் சேர்த்ததும், படத்தில் யூரியா புள்ளிகளின் முதல் அடுக்கின் உயரத்தில் சரியாக 0.418 பங்கில் நின்ற புள்ளிகள் சங்கிலியுடையவை என்று தெரிந்தது. அப்புறம் மங்கலான சில புள்ளிகளுக்கு யூரியாவின் எண், சங்கிலியின் எண் இரண்டுமே தேவைப்பட்டன. எனக்கு அவைதான் பொக்கிஷம்: குழாயும் சங்கிலியும் ஒன்றையொன்று நெளிய வைக்கின்றன!

அடுத்து, அறுகோணச் சமச்சீர் உடையும் 149 கெல்வினுக்குக் கீழே குளிர்வித்துப் பார்க்கிறேன்.