பெரியப்பாவின் கேசட்: இது எந்த ஜாஸ் பதிவு? ஒரு பக்கம் மட்டும் சுருதி ஏன் சேரவில்லை?

கேள்வி: இரண்டுகட்டை

வணக்கம். ஜாஸ் எனக்குப் புதிது. கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரியும், வீட்டில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லித் தருகிறேன். அதனால் கேள்வி கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். அவர் பெட்டியில் ஓர் அறுபது நிமிட கேசட் கிடைத்தது. அட்டையில் அவர் கையெழுத்தில் "ராத்திரி" என்று ஒரே வார்த்தை. பாட்டின் பெயர், வாசித்தவர் பெயர் எதுவும் இல்லை. பாட்டைக் கண்டுபிடிக்கும் செயலி ஒன்றில் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை.

முதல் பக்கத்தின் முதல் உருப்படி: தாளம் இல்லாமல் பியானோவும் பெரிய பாஸும் மெதுவாகத் தொடங்குகின்றன. பிறகு பாஸ் கேள்வி கேட்கிற மாதிரி ஒரு வரி வாசிக்க, மற்றவர்கள் இரண்டே அடியில் பதில் சொல்கிறார்கள். ஸ்வரங்கள் அப்பட்டமான கரகரப்ரியா ராகம். நான்கு நான்காக எண்ணினால் பதினாறு சுற்று அப்படிப் போகிறது. பிறகு எல்லாவற்றையும் அப்படியே அரைக்கட்டை (கட்டை என்பது எங்கள் சுருதி அளவு) ஏற்றி எட்டு சுற்று, திரும்பப் பழைய இடத்துக்கு இறங்கி எட்டு. இந்த 32 கடைசிவரை மாறவே இல்லை.

பிரச்சினை என்னவென்றால், சுருதிப் பெட்டியை இரண்டு கட்டையில் வைத்தால் கேசட் மேலே நிற்கிறது, இரண்டரையில் வைத்தால் கீழே நிற்கிறது. கேசட்டைத் திருப்பிப் போட்டால் அந்தப் பக்கத்து முதல் உருப்படி ஐந்து கட்டையில் கச்சிதமாகச் சேருகிறது! பிளேயரின் மோட்டாரில் வேகத்தை மாற்றும் திருகு ஒன்று உண்டு என்றார்கள். ஸ்க்ரூடிரைவரும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன். திருகட்டுமா?

பதில்: டேப்ரிப்பேர்

திருகாதீர்கள், மேடம். அந்தத் திருகைத் தொட்டவர்கள் பாதிப் பேர் பிறகு என்னைப் போன்றவர்களிடம்தான் வருகிறார்கள். வேகத்தைச் சரிபார்க்க 3,150 ஹெர்ட்ஸ் ஒலி மட்டும் பதிந்த சோதனைக் கேசட் வேண்டும். காதை வைத்துத் திருகினால் இருக்கிற ஒழுங்கும் போய்விடும்.

அதோடு, பெல்ட் தளர்ந்தால் வேகம் குறையும், ஏறாது. ஒரே பிளேயரில் ஒரு பக்கம் சரியாகவும் மறுபக்கம் ஏறியும் இருக்கிறதென்றால் பழுது பிளேயரில் இல்லை, பதிவில் இருக்கிறது. பதிவு செய்யும்போது ரெக்கார்டர் மெதுவாக ஓடினால், பிறகு சரியான வேகத்தில் போடும்போது சுருதி ஏறித்தான் கேட்கும். பெரியப்பா பாட்டரி தீரும் நேரத்தில் முதல் பக்கத்தைப் பதிந்திருப்பார் என்பது என் கணக்கு.

ஒன்று மட்டும் பாருங்கள். ஏற்றம் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே அளவா? பாட்டரி என்றால் போகப்போகக் கூடும்.

பதில்: நள்ளிரவுவானொலி

அரைக்கட்டை ஏறி இறங்கும் 32 என்றால் ஜான் கோல்ட்ரேனின் "இம்ப்ரெஷன்ஸ்". நியூயார்க்கில் வில்லேஜ் வேன்கார்டு என்கிற கிளப்பில் 1961 நவம்பரில் வாசித்தது, 1963இல் ரெக்கார்டாக வந்தது. என்னிடம் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

பதில்: தேய்ந்தஊசி

கண்ணைத் திறந்து கேள்வியை இன்னொரு முறை படியுங்கள், நண்பரே. "இம்ப்ரெஷன்ஸ்" எடுத்தவுடன் ஓட்டம்தான், அங்கே நிதானமான முன்னுரைக்கு இடமே இல்லை. 32இன் அமைப்பு ஒன்றுதான், ஏனென்றால் கோல்ட்ரேன் அதை எடுத்ததே இந்த அம்மா கேட்கிற உருப்படியிலிருந்து.

எனக்கு ஏறக்குறையத் தெரிந்துவிட்டது. ஆனால் அதே உருப்படியை அதே ஆள் பிற்பாடு மேடைகளில் பலமுறை வாசித்திருக்கிறார், 1964 பிப்ரவரிக் கச்சேரியில் குதிரை ஓட்டமாக. அதனால் மூன்று விவரம் சொல்லுங்கள். கேள்வி-பதில் முடிந்து முதலில் தனியாக வருவது எந்தக் கருவி? அது தொடங்கும் இடத்தில் சிம்பலில் ஓர் அடி விழுந்து, நீண்டு கரைகிறதா? சாக்ஸபோன் ஒருவரா, இருவரா?

இரண்டுகட்டை:

டேப்ரிப்பேர் சார், தொடக்கம், நடு, முடிவு மூன்றிலும் பார்த்தேன். ஏற்றம் ஒரே அளவு. ஸ்க்ரூடிரைவரை உள்ளே வைத்துவிட்டேன்.

தேய்ந்தஊசி சார், முதலில் வருவது ட்ரம்பெட். அந்த சிம்பல் அடி இருக்கிறது! நீங்கள் சொன்ன பிறகுதான் கவனித்தேன், இப்போது அதற்காகவே திரும்பத் திரும்பப் போடுகிறேன். பிறகு இரண்டு சாக்ஸபோன். முதலாமவர் கனமாக, எதையோ தோண்டித் தேடுகிற மாதிரி வாசிக்கிறார். அடுத்தவர் சிரித்துக்கொண்டே வாசிக்கிறார். கடைசியில் பியானோ.

பதில்: தேய்ந்தஊசி

சரி, முடிந்தது. ரெக்கார்டின் பெயர் "கைண்ட் ஆஃப் ப்ளூ", உருப்படி "ஸோ வாட்". ட்ரம்பெட் மைல்ஸ் டேவிஸ். தோண்டுகிறவர் கோல்ட்ரேன், சிரிக்கிறவர் கேனன்பால் ஆடர்லி. பியானோ பில் எவன்ஸ், கேள்வி கேட்கும் பாஸ் பால் சேம்பர்ஸ், அந்த சிம்பல் ஜிம்மி காப்.

சுருதி விஷயத்துக்கு வருகிறேன். டேப்ரிப்பேர் அண்ணன் சொன்ன காரணம் சரி, ஆள்தான் வேறு. ரெக்கார்டரை மெதுவாக ஓடவிட்டது உங்கள் பெரியப்பா இல்லை, கொலம்பியா கம்பெனி. முதல் பக்கத்து மூன்று உருப்படிகளும் 1959 மார்ச் 2 அன்று நியூயார்க்கில் 30ஆம் தெரு ஸ்டூடியோவில் பதிவானவை. அன்று மூல நாடா ஓடிய இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. அந்த நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டி ரெக்கார்டு வெட்டியதும் சுருதி கால் கட்டை அளவுக்கு ஏறிவிட்டது. இரண்டாம் பக்கம் ஏப்ரல் 22இல் பதிவானது. அன்று இயந்திரம் ஒழுங்காக ஓடியது. இரண்டுக்கும் இரண்டரைக்கும் நடுவே என்றீர்களே, இரண்டே கால். உங்கள் காது வெகு சரி.

அந்த ஆகஸ்டில் வெளியான ரெக்கார்டு முப்பது ஆண்டுக்கு மேல் அப்படியேதான் விற்றது. 1992இல் வந்த சி.டி. மறுவெளியீட்டில்தான் திருத்தினார்கள். மார்ச் 2 அன்று பாதுகாப்புக்காக இன்னொரு இயந்திரமும் கூடவே ஓடியது, அதன் வேகம் சரியாக இருந்தது. அந்த நாடாவிலிருந்து எடுத்தார்கள். இப்போது இணையத்தில் கிடைப்பது பெரும்பாலும் அந்தத் திருத்திய வடிவம்தான். போட்டுப் பாருங்கள், இரண்டு கட்டையில் உட்காரும்.

உங்கள் கேசட் பழைய ரெக்கார்டிலிருந்து எடுத்தது என்பதற்கு இன்னொரு சோதனை உண்டு. அமைதியான இடத்தில் "டிக், டிக்" என்று கீறல் சத்தம் வந்தால் இடைவெளியை அளந்து பாருங்கள். எல்.பி. ரெக்கார்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும். ஒரே கீறல் 1.8 விநாடிக்கு ஒருமுறை ஊசியில் தட்டும்.

இரண்டுகட்டை:

மூன்றாவது உருப்படியில் கீறல் இருக்கிறது. பத்து டிக்குக்குப் பதினெட்டு விநாடி. உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

பதில்: டேப்ரிப்பேர்

நாற்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். அவ்வளவு பெரிய கம்பெனி ஸ்டூடியோவிலும் வேகம் பார்க்காமல் ஓட்டியிருக்கிறார்கள் என்று கேட்க மனதுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது.

பதில்: நள்ளிரவுவானொலி

தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெரியப்பா பெயர் எழுதாமல் விட்டது நல்லதுதான். முதல் அச்சுகளில் இரண்டாம் பக்கத்து "ஆல் ப்ளூஸ்", "ஃப்ளெமெங்கோ ஸ்கெச்சஸ்" இரண்டின் பெயரும் இடம் மாறி அச்சாகியிருந்தன. அதைப் பார்த்து எழுதியிருந்தால் இன்னொரு இழை தொடங்க வேண்டியிருந்திருக்கும். அலை மாதிரி ஆறு ஆறாக அசைவது "ஆல் ப்ளூஸ்". ஐந்து கட்டை என்றீர்களே, அது.

இரண்டுகட்டை:

ஆமாம், அது அரிகாம்போதி ராக வாடை அடிக்கிறது. அதற்கடுத்தது அதைவிட மெதுவாக, வாசிப்பவர் ஒவ்வொரு ராகத்திலும் மனம் போல நின்றுவிட்டு அடுத்ததற்குப் போவது போல.

இன்னும் ஒன்று பாக்கி. அதற்குப் பிறகு கேசட்டின் கடைசி ஒன்பது நிமிடத்தில் வேறு ஏதோ இருக்கிறது. மூன்று எண்ணிக்கையில் சுழல்கிறது, பியானோ இரண்டே வண்ணங்களை மாற்றி மாற்றி அரைக்கிறது. மேலே வாசிப்பது சத்தியமாக நாகஸ்வரம் மாதிரி இருக்கிறது. பியானோ வெகுநேரம் தனியாக வாசித்த பிறகு அந்தக் குழல் திரும்பி வந்து வேகம் பிடிக்கும்போது டக்கென்று நின்றுவிடுகிறது. கேசட் முடிந்துவிட்டது.

பதில்: நள்ளிரவுவானொலி

இதை விடமாட்டேன்! கோல்ட்ரேனின் "மை ஃபேவரிட் திங்ஸ்". 1960 அக்டோபரில் பதிந்து 1961இல் வந்தது. நாகஸ்வரம் என்றது சோப்ரானோ சாக்ஸபோன், நேராக இருக்கும். அரைக்கிறவர் மெக்காய் டைனர். முழு நீளம் பதின்மூன்றே முக்கால் நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு, உங்களிடம் முக்கால் பங்கைவிடக் குறைவாகத்தான் இருக்கிறது. பிராட்வே நாடகப் பாட்டுதான், சினிமாவாக வந்தது 1965இல். அதற்கு முன்பே இவர் அதை இந்தப் பாடு படுத்திவிட்டார்.

நம்ம பக்கத்து சங்கீதத்தின் மேல் கோல்ட்ரேனுக்குப் பெரிய பிரியம். "இண்டியா" என்றே ஓர் உருப்படி, நான் முதலில் அவசரப்பட்டுச் சொன்னேனே, அந்த "இம்ப்ரெஷன்ஸ்" ரெக்கார்டில் இருக்கிறது. சிதார் மேதை ரவிசங்கர் நினைவாக மகனுக்கு ரவி என்று பெயர் வைத்தார்.

இரண்டுகட்டை:

எல்லோருக்கும் நன்றி. அடுத்து எதைக் கேட்கலாம்? பட்டியல் வேண்டாம், ஆளுக்கு ஒன்று போதும். எனக்கு நேரம் கிடைப்பது பிள்ளைகள் தூங்கிய பிறகுதான்.

பதில்: தேய்ந்தஊசி

பில் எவன்ஸ் மூவர் அணி, "சண்டே அட் த வில்லேஜ் வேன்கார்டு". 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, ஒரே நாள். பேச்சுச் சத்தம், கிளாஸ் உரசும் சத்தம் எல்லாம் கேட்கும், பாதிப் பேர் கவனிக்கவே இல்லை என்று தோன்றும். பாஸ் ஸ்காட் லஃபாரோ. பின்னால் நின்று தாளம் போடாமல் பியானோவோடு சரிக்குச் சரி பேசுகிறவர். ஜூலை 6இல் கார் விபத்தில் போய்விட்டார், வயது 25. இது தெரியாமல் ஒருமுறை கேளுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லிவிட்டேன்.

பதில்: கண்டசாபு

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வயலின்காரர் என்பதால் டேவ் ப்ரூபெக்கின் "டேக் ஃபைவ்" கேளுங்கள், அதுவும் 1959தான். ஐந்து எண்ணிக்கை, ஆனால் நம் கண்ட சாபு தாளம் இரண்டும் மூன்றுமாகப் போகும், அது மூன்றும் இரண்டுமாகப் போகும். முதல் இரண்டு நாள் கை தப்பாக விழும்.

பதில்: தேய்ந்தஊசி

தாளக் கணக்கு சுவாரஸ்யம்தான், ஒத்துக்கொள்கிறேன். ராத்திரிக்கு ஆகாது.

பதில்: நள்ளிரவுவானொலி

ராத்திரிக்கு என்றால் ஆலிஸ் கோல்ட்ரேன், ஜானின் மனைவி. "ஜர்னி இன் சச்சிதானந்தா", 1971. தம்புரா, அதன்மேல் ஹார்ப், அதன்மேல் ஃபாரோ சாண்டர்ஸின் சோப்ரானோ. அந்த சச்சிதானந்தர் வேறு யாருமில்லை, கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்தில் பிறந்தவர், வுட்ஸ்டாக் இசைவிழா மேடையில் தொடக்க உரை பேசினாரே, அவர்தான். சுருதிப் பெட்டி தேவைப்படாது, தம்புரா உள்ளேயே இருக்கிறது.

இரண்டுகட்டை:

நேற்று திருத்திய "ஸோ வாட்" கேட்டேன். இரண்டு கட்டையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு வாரமாக கேசட்டைக் கேட்ட காதுக்கு அது கொஞ்சம் சோம்பலாக இருக்கிறது. அதனால் சுருதிப் பெட்டியில் நுண்சுருதிக் குமிழைத் திருகி இரண்டே காலுக்கு ஏற்றி, வயலின் தந்திகளையும் அதற்குச் சேர்த்துக்கொண்டு, பெரியப்பா கேட்ட சுருதியிலேயே கூட வாசித்தேன். பெரியவள் எழுந்து வந்து "என்னம்மா, அபசுருதியா இருக்கு" என்றாள். இல்லை, வந்து உட்கார் என்றேன்.

"மை ஃபேவரிட் திங்ஸ்" முழுதாகக் கேட்டாயிற்று. ஒன்பதாவது நிமிடம் தாண்டும்போது கை தானாகக் கேசட்டைத் திருப்பிப் போடப் போகிறது.