புதுப்பிப்பு: மெய்நிகர் கணினியும் அதைத் தாங்கும் கணினியும் இப்போது பேசிக்கொள்கின்றன

உதவிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. என் சிக்கல் இதுதான்: லினக்ஸ் கணினியில் ஒரே ஒரு நெட்வொர்க் கார்டு, அதை மேக்விடேப் முறையில் (மெய்நிகர் கணினியை நேரே கார்டோடு இணைக்கும் வழி) ஒரு மெய்நிகர் கணினியுடன் பகிர்ந்திருந்தேன். அது லினக்ஸின் கேவிஎம் வசதியால் அதே கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி. மெய்நிகர் கணினிக்கு இணையம் கிடைத்தது, வீட்டின் மற்றக் கணினிகளும் அதை எட்டின. அதைத் தாங்கும் கணினியிலிருந்து மட்டும் பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகவே இல்லை.

"இது பிழையன்று, மேக்விடேப்பின் இயல்பு, பிரிட்ஜுக்கு மாறுங்கள்" என்று சொன்னவரின் யோசனையே பலித்தது. பிரிட்ஜ் என்பது கார்டையும் மெய்நிகர் கணினியையும் இணைக்க, கணினிக்குள்ளேயே மென்பொருளாக இயங்கும் ஒரு சுவிட்ச். மேக்விடேப்பில் பாக்கெட் (அனுப்பப்படும் தரவுத் துண்டு) நேரே கார்டு வழியாக வெளியே போய்விடுகிறது. வீட்டுக் கணினிகளைக் கேபிளால் இணைக்கும் சாதாரண சுவிட்ச் அதை வந்த வழியிலேயே திருப்பி அனுப்பாது. எனவே 'பிஆர்0' என்ற பிரிட்ஜை உருவாக்கி, கார்டை அதில் இணைத்து, ஐபி முகவரியைக் கார்டிலிருந்து எடுத்துப் பிரிட்ஜுக்குக் கொடுத்தேன். இதை எஸ்எஸ்ஹெச் வழியாக (வேறு கணினியிலிருந்து நெட்வொர்க் மூலம் நுழைந்து) செய்யாதீர்கள், பாதியில் இணைப்பு அறுந்துவிடும். கணினியின் முன் உட்கார்ந்தே செய்யுங்கள்.

எதிர்பாராதது ஒன்று நடந்தது. பிங் உடனே வந்தது, ஆனால் மெய்நிகர் கணினியில் இணையம் நின்றுவிட்டது! ஒரு மாலை முழுவதும் தேடியபின் காரணம் தெரிந்தது: அதே கணினியில் டாக்கர் (செயலிகளைத் தனித்தனிக் கொள்கலன்களில் இயக்கும் மென்பொருள்) ஓடுகிறது. அது லினக்ஸின் தீயரணான ஐபிடேபிள்ஸில், கணினி வழியாகக் கடந்து செல்லும் பாக்கெட்டுகளுக்கான விதித்தொகுப்பை (ஃபார்வர்டு சங்கிலி) 'டிராப்', அதாவது அனுமதி இல்லாததைக் கைவிடு, என்று மாற்றிவிடுகிறது. பிரிட்ஜ் வழியாகச் செல்லும் பாக்கெட்டுகளும் அதில் சிக்கிக்கொண்டன. நாமே விதிகள் சேர்ப்பதற்கென டாக்கர் வைத்திருக்கும் டாக்கர்-யூசர் சங்கிலியில், பிஆர்0இல் நுழைந்து பிஆர்0 வழியே வெளியேறுவதை அனுமதிக்கும் ஒரு விதியைச் சேர்த்ததும் சரியானது. கணினியை மறுபடி இயக்கினால் அந்த விதி தானாக வராது, தனியே சேமிக்க வேண்டும்.

வைஃபை கார்டில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு: பெரும்பாலான வைஃபை இணைப்புகள் பிரிட்ஜை ஏற்பதில்லை. நான் கேபிளில்தான் செய்தேன்.