ஆபரேஷன் முடிந்தபின் பூனை இறந்துவிட்டது; இப்போது டியூப் எடுக்கவே கை நடுங்குகிறது

கேள்வி: மழைத்துளி

கால்நடை மருத்துவமனையில் டெக்னீஷியனாக இருக்கிறேன். மயக்கத்தில் இருக்கும் விலங்கைக் கண்காணிப்பது என் பொறுப்பு. போன மாதம் கருத்தடைக்கு வந்த இளம் பூனை ஒன்று, மூச்சுக்குழாயில் வைத்திருந்த டியூபை எடுத்துக் கூண்டில் விட்டபின் இறந்துபோனது. ஆபரேஷன் முழுக்க அளவுகள் நன்றாகத்தான் இருந்தன, எல்லாம் கண்காணிப்புச் சீட்டில் எழுதியிருக்கிறது. "உன் மேல் தப்பில்லை" என்றார் டாக்டர். அடுத்த கேஸ் காத்திருந்தது, பேச்சு அதோடு சரி.

அதற்கப்புறம் பூனை கேஸ் என்றாலே வயிற்றைக் கலக்குகிறது. தூக்கமும் சரியில்லை. அனஸ்தீசியா (மயக்க மருந்து) பயிற்சிக்குப் போகவா, மனநல ஆலோசகரைப் பார்க்கவா, வேலையையே விட்டுவிடவா?

பதில்: இரவுப்பணி

வேலையை விடும் முடிவைத் தள்ளிப்போடுங்கள் தங்கச்சி. தூக்கம் கெட்டிருக்கும்போது எடுக்கிற முடிவு அது.

பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை பல மருத்துவமனைகளில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2008ல் வெளியானது. மயக்க மருந்தோடு தொடர்புடைய இறப்பு நாய்களில் 0.17 சதவீதம், பூனைகளில் 0.24. அப்படி இறந்த பூனைகளில் ஏறத்தாழ 60 சதவீதம் ஆபரேஷனுக்குப் பிறகுதான் இறந்தன, அவற்றிலும் பெரும்பாலானவை முதல் 3 மணி நேரத்துக்குள். நாமோ டியூப் வெளியே வந்ததும் வேலை முடிந்தது என்று அடுத்த மேஜைக்கு ஓடுகிறோம். ஆள் பற்றாக்குறைதான் காரணம், உங்கள் கவனக்குறைவு இல்லை.

நான் செய்வதைச் சொல்கிறேன். நாயென்றால் நன்றாக விழுங்கும்வரை டியூபை விட்டுவைப்பேன். பூனையின் குரல்வளை சட்டென்று இறுகிக்கொள்ளும். அதனால் காது துடித்து, இமை அசையத் தொடங்கியதும், விழுங்குவதற்குச் சற்று முன்பே எடுத்துவிடுவேன். கழுத்தை நீட்டி மார்பின் மேல் படுக்கவைப்பேன். மார்பு ஏறி இறங்குவதை மட்டும் நம்பவே மாட்டேன். தொண்டை அடைத்திருந்தாலும் மார்பு அசையும். மூக்குக்கு முன்னால் ஒரு பஞ்சு இழையைப் பிடித்தால் மூச்சு உண்மையிலேயே வருகிறதா என்று தெரிந்துவிடும். ஈறின் நிறம், நாடி, வெப்பநிலை மூன்றையும் தலை நிமிரும்வரை அடிக்கடி பார்ப்பேன். உடல் குளிர்ந்தால் மருந்து மெதுவாகத்தான் வெளியேறும், பூனை எழவும் நேரமாகும். லாரிங்கோஸ்கோப் (தொண்டைக்குள் பார்க்கும் கருவி), புது டியூப், ஆக்சிஜன் மூன்றும் கூண்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும். தேடி ஓடுகிற அந்த நேரம்தான் ஆபத்து.

இது கைக்குப் பழகப் பழக நடுக்கம் குறையும். பயிற்சிக்குப் போங்கள், ஆனால் வீடியோ மட்டும் காட்டுகிற வகுப்பு வேண்டாம். பக்கத்தில் நின்று கையைத் திருத்துகிறவர் வேண்டும்.

பதில்: பசுங்கிளை

அக்கா சொன்ன எண்கள் பகலில் தைரியம் தரும், ராத்திரியில் தராது. மழைத்துளி, ஆலோசகரைத்தான் முதலில் பாருங்கள். பயிற்சியும் கூடவே நடக்கட்டும். தூக்கமின்மையும் அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருவதும் ஒரு மாதத்தைத் தாண்டினால் தானாகப் போகும் என்று காத்திருக்கக்கூடாது. நம் வேலையில் சாவைப் பார்த்துவிட்டு அடுத்த அறையில் புதுக் குட்டிக்குத் தடுப்பூசி போடச் சிரித்தபடி நுழைய வேண்டியிருக்கிறது. மனசுக்கு அது லேசான வேலையே இல்லை.

பதில்: டாக்டர், சிறு விலங்குப் பிரிவு

உடற்கூறு பரிசோதனை செய்தார்களா? வெளிப்பார்வைக்கு ஆரோக்கியமாக இருக்கும் பூனைகளிலும் இதயத் தசை தடித்திருக்கலாம், ஸ்டெத்தில் முணுமுணுப்பு (இதயத்தின் வழக்கத்துக்கு மாறான ஓசை) கேட்காமலும் போகலாம். பரிசோதனை இல்லாமல் காரணம் சொல்ல முடியாது. நீங்களே ஒரு காரணத்தைக் கற்பனை செய்து சுமக்கவும் கூடாது.

உங்கள் டாக்டரிடம் ஒரு 15 நிமிடம் கேளுங்கள். சீட்டை மேஜையில் விரித்து, யார் தப்பு என்ற பேச்சே எடுக்காமல், எந்த நேரத்தில் என்ன நடந்தது என்று வரிசையாகப் பாருங்கள். மயக்கம் தெளியும் விலங்குக்குப் பக்கத்தில் ஒருவர் இருந்தே ஆகவேண்டும் என்பது மருத்துவமனை எடுக்க வேண்டிய முடிவு. டெக்னீஷியன் தலையில் அதை வைப்பது நியாயமில்லை.

மழைத்துளி

பரிசோதனை செய்யவில்லை, உரிமையாளர் உடலைக் கொண்டுபோய்விட்டார். டாக்டரிடம் பேச நேரம் கேட்டுவிட்டேன், திங்கட்கிழமை சரி என்றார். ஆலோசகருக்கும் போன் செய்கிறேன். இரவுப்பணி அக்கா, குளிர்ந்த பூனைக்குச் சூட்டு மெத்தையை நேராக வைக்கலாமா?

இரவுப்பணி

வேண்டாம்மா. அரைமயக்கத்தில் அதற்கு நகரத் தெரியாது, தோல் வெந்துவிடும். நடுவில் தடித்த துணி போட்டு, அடிக்கடி கையை விட்டுச் சூடு பாருங்கள். 37 டிகிரியைத் தாண்டும்வரை வெப்பநிலையை எழுதிக்கொண்டே இருங்கள்.